தட்டில் வந்த அழைப்பு

அன்பு மகளுக்கு,

போனில் சொன்னால் அடுத்த பஸ் ஏறிவிடுவாய். அதனால்தான் எழுதுகிறேன். வெள்ளிக்கிழமை ராஜபாளையத்துக்கு வராதே.

நேற்று நம் பேண்டேஜ் துணிக் கடைக்கு, ஸ்ரீவில்லிபுத்தூர் சிலைக் கமிட்டிக்காரர்கள் ஐந்து பேர் தாம்பூலத் தட்டோடு வந்தார்கள். நன்கொடை கேட்க வந்திருக்கிறார்கள் என்று நினைத்து எழுந்து நின்று வாங்கிவிட்டேன். முப்பது வருஷ வியாபாரத்தில் பிரித்துப் பார்க்காமல் நான் வாங்கிய சரக்கு அது ஒன்றுதான். வெள்ளிக்கிழமை தியாகி பேச்சியப்பன் சிலை திறப்பு. அழைப்பிதழில் சிறப்புப் பேச்சாளராக உன் பெயர்.

"தியாகி பேச்சியப்பன்தான் நாப்பத்திரண்டுல கூட இருந்த மூணு பேரைப் போலீசுக்குக் காட்டிக்கொடுத்தாருன்னு ஒங்க மக புஸ்தகம் எழுதுதாளாமே," என்றான் அவருடைய பேரன், சிரித்துக்கொண்டே. "மேடையில எங்க மூஞ்சியப் பாத்துச் சொல்லட்டும், அண்ணாச்சி."

"அது சின்னப் பிள்ளைப்பா."

"சின்னப் பிள்ளையா? மதுரையில தெனமும் அஞ்சரை பஸ்ல தனியாத்தான ஹாஸ்டலுக்குப் போகுது!"

உன் பஸ்ஸை நான் அவனிடம் சொல்லவில்லை, தாயி.

தாம்பூலத்தை வாங்கினால் வாக்குக் கொடுத்ததாகிவிடும். ஆனால் வாங்கியது நான். மேடை ஏறப் போவதும் நான்தான். அந்த மூவரும் ஒளிந்திருந்த இடத்தைப் பேச்சியப்பன் போலீசுக்குத் தன் கைப்பட எழுதிக் கொடுத்தாரே, அந்தக் கடிதத்தின் நகலை உன் அலமாரியிலிருந்து எடுத்துக்கொண்டேன். தப்பில்லாமல் வாசிப்பேன். நீ புத்தகத்தில் ஒரு வரியும் மாற்றாதே. இதைப் படித்த உடனே ஹாஸ்டலை விட்டுச் சித்தி வீட்டுக்குப் போய்விடு.

கடைச் சாவியை இன்று காலை உன் அம்மாவிடம் கொடுத்தேன். அதை அவள் முந்தானையில் முடிந்துகொண்டாள்.

உன் அப்பா