திரையில் அடங்காத கடல்

கொழும்புத்துறை,
ஞாயிற்றுக்கிழமை.

அன்பு மகள் ஜெயந்தினிக்கு,

அந்தக் குளிருக்குள் நீயும் மருமகனும் பிள்ளைகளும் நோய் நொடியில்லாமல் இருக்க ஆண்டவரை மன்றாடுகிறேன். இங்கே அம்மாவின் முழங்காலைத் தவிர எல்லாம் சுகம். என் எழுத்தைப் பொறுத்துக்கொள். எழுபத்திரண்டு வயதில் அரிச்சுவடி பிடித்தவனின் எழுத்து, நண்டு நடந்த மணல் மாதிரித்தான் இருக்கும். வலை பிடித்த கைக்குப் பேனை பாரமாக இருக்கிறது, ஆனால் சந்தோசமான பாரம்.

நீ அனுப்பிய லினக்ஸ் கணனியால் நடந்த கூத்தைக் கேள். களப்புக் கடலில் யார் எந்த இடத்தில் தடி நட்டுச் சிறகுவலை கட்டுவது என்று எங்கள் மீனவர் சங்கம் ஒரு வரைபடம் கீறுவித்து எல்லாருக்கும் அனுப்பியது. பிழை இருந்தால் வெள்ளிக்கு முன் சொல்லவேண்டும், அரசாங்கக் கந்தோருக்குப் போனபின் மாற்ற ஏலாது. திரையில் திறந்தால் பெயர்கள் எறும்பு அளவு. பெருப்பித்தால் படம் ஓடி ஒளிக்கிறது, ஓரத்துப் பட்டையைப் பிடித்து இழுக்க என் விரலுக்கு வரவில்லை. அதுதான் உன்னைக் கேட்டேன். கணனிக்குக் கட்டளையிட நீ அனுப்பிய ஆங்கில வரியை எழுத்தின் வடிவம் பார்த்து ஒவ்வொன்றாகத் தட்டினேன், நாலாம் தரம் திரை ஒருமுறை கண் சிமிட்டியது. அதன்பிறகு திரை வெறும் யன்னல், அதற்குப் பின்னால் படம் விரிந்த பலகை அதைவிட மூன்று மடங்கு. அம்புக்குறியை ஓரத்துக்குத் தள்ளினால் கடல் தானாக நகர்கிறது. வள்ளத்தில் போகிற மாதிரி ஏன் உடம்பைச் சரிக்கிறியள் என்று அம்மா சிரித்தாள்.

மேற்குக் கரையிலிருந்து தொடங்கி இரண்டு நாளாக நாற்பத்தொரு பெயர் வாசித்தேன். என் பெயர் இல்லை. முப்பது வருடம் நான் வலை கட்டிய இடம், மகள். உடனே சைக்கிளில் சங்கத்துக்குப் போய், என்ரை பேரை எங்கை துலைச்சனீங்கள் என்று கத்திவிட்டேன். செயலாளர் கிறிஸ்ரோபர் அச்சடித்த தாளை விரித்து, இஞ்சை கிழக்குப் பக்கம் இருக்கு, கத்தாதையுங்கோ அண்ணை என்றான். பக்கத்து வலைக்காரன் செபநாயகம், சிமியோன் அண்ணை வாசிக்கத் தெரியாமல் இருந்த காலத்திலை எங்களுக்கு இவ்வளவு கரைச்சல் இல்லை என்றான். எல்லாரும் சிரித்தார்கள்.

என் கண்ணுக்கு எப்படித் தப்பியது என்று கேட்டார்கள். நடுவில் ஒரு தடித்த கோடு, அதற்கு அங்கால் எங்கள் பக்கத்து ஊரான அரியாலையின் பெயர் எழுதியிருந்தது, அதோடு அம்புக்குறியை நிறுத்திவிட்டேன் என்றேன். அரியாலைச் சங்கத்தைக் கேட்காமல் அவர்கள் கடலுக்குள் போவது முறையா? அதற்கு இன்னும் கூடச் சிரித்தார்கள். கிறிஸ்ரோபரின் சிரிப்புத்தான் முதலில் நின்றது. அப்ப உங்கடை இடம் கோட்டுக்கு அங்காலை எப்பிடிப் போனது என்று தாளைக் கிட்டப் பிடித்தான். கீறினவர் எல்லையை இரண்டு விரற்கடை மேற்கே போட்டிருக்கிறார். வெள்ளி இப்படியே கந்தோருக்குப் போயிருந்தால் என் இடம் அரியாலைக்குப் போயிருக்கும், செபநாயகத்தின் இடமும் கூடவே. அவன் என் சைக்கிளைத் தானே உருட்டி நிழலில் விட்டான்.

அன்றே சிவப்புப் பேனையால் கோட்டைத் திருத்தினார்கள். பழைய கோட்டுக்கு அங்கால் எங்கள் ஆட்கள் வேறு யாரும் நிற்கிறார்களா என்று கணனியில் என்னையே பார்க்கச் சொன்னார்கள். அனுமதி எடுத்தால்தான் போவேன் என்று நான் அசையவில்லை. கிறிஸ்ரோபர் தலையில் கைவைத்து, அரியாலைச் சங்கத் தலைவருக்குப் போன் எடுத்தான். அவர், தாராளமா வரட்டும், வலையை மட்டும் கொண்டு வரவேண்டாம் எண்டு சொல்லுங்கோ என்றாராம்.

கணனியை மூடித் திறந்தால் பலகை பழையபடி சிறுத்துவிடுகிறது, அதை நிலையாக நிறுத்த வழி அனுப்ப மறவாதே. குளிருக்குக் காதை மூடிக்கொண்டு வெளியே போ. ஆண்டவருடைய கை உங்கள் நால்வர் மேலும் இருப்பதாக. அடுத்த கிழமை எழுத்தைச் சின்னதாக்கி எழுதுவேன், இந்தமுறை தாள் போதவில்லை.

உன் அன்பு அப்பா,
சிமியோன்