மாதாவின் அங்கி நிறத்தில் ஒரு கிரீம்

சாந்தோம்,
திருவருகைக் காலத்து இரண்டாம் ஞாயிறு, 1998

இல்லையடி சான்ட்ரா, நீ அனுப்பிய கிரீமை நான் தூக்கிப் போடவில்லை. போன வாரம் போனில் நீ அதைக் கேட்டுக்கொண்டிருக்கும்போதே லைன் அறுந்துவிட்டது. நான் பாட்டுக்கு ரிசீவரைப் பிடித்துக்கொண்டு கத்தியிருக்கிறேன். உன் பெரியப்பா, "இன்னா, நேரா அமெரிக்காவுக்கே கேக்கட்டும்னு கூவுறியா?" என்று சிரிக்கிறார். அன்றைக்குப் பெய்த மழையில் செத்த போன் இன்னும் எழுந்திருக்கவில்லை.

சேசுவின் சமாதானம் உன்னோடு இருக்கட்டும் மகளே. மழையில் பின்பக்கச் சுவர் ஊறிப்போனது தவிர இங்கே எல்லோரும் சுகம். கல்யாண ஓலையைக் கிறிஸ்மஸ் கழித்துப் பூசையில் வாசிக்கிறேன் என்று சுவாமியார் சொல்லிவிட்டார். மாப்பிள்ளை ஷெல்டனின் அம்மா வந்து புடவை எல்லாம் பார்த்துவிட்டுப் போனார்கள். நல்ல மனுஷி. காப்பியில் சர்க்கரை வேண்டாம் என்றார்கள், நான்தான் பழக்கதோஷத்தில் போட்டுவிட்டேன். முழுசும் குடித்துவிட்டுத்தான் எழுந்தார்கள்.

இப்போது கிரீம் விஷயம். பக்குவமாகச் சொல்கிறேன், பதறாதே. நீயும் கல்யாணத்துக்கென்று அதே கிரீமை வாங்கி வைத்திருக்கிறாய், கிறிஸ்மஸ் முடிந்ததும் பூசப்போகிறாய் என்றாயே, அதற்குள் இந்தக் கடிதம் உன் கையில் சேரவேண்டும்.

டப்பாவைத் திறந்ததுமே எனக்குக் கண் கலங்கிவிட்டது. உள்ளே நீலம். அப்படியே மாதாவின் அங்கி நிறம்! உன் அம்மா இருந்து நிற்கவேண்டிய இடத்தில் நான் நிற்கப்போகிறேன், அதற்கு மாதாவே அனுப்பியது என்று நினைத்துவிட்டேன். நீ சொன்னது பட்டாணி அளவு, ராத்திரி மட்டும். மாதா நிறத்தில் இருப்பதைப் போய் அளந்து பூச மனசு வருமா? காலையிலும் பூசினேன். பூசுவதற்கு முன்னால் வழக்கம்போல எலுமிச்சை மூடியால் முகத்தை நன்றாகத் தேய்த்தேன். பூசிய பிறகு வேளாங்கண்ணி எண்ணெயை மேலே தடவி ஒரு அருள் நிறைந்த மரியே சொன்னேன். முதலில் நன்றாகத்தான் இருந்தது. பக்கத்து வீட்டுச் செண்பகம்கூட, "அக்கா, கண்ணாலப் பொண்ணு நீயா, சான்ட்ராவா?" என்று கேட்டாள்.

போன மாதம் ஒரு புதன்கிழமை நவநாளுக்குக் கிளம்பும்போது கன்னம் எரிந்தது. கோயிலில் மெழுகுவர்த்திச் சூடு என்று நினைத்தேன். வீட்டுக்கு வந்து கண்ணாடியைப் பார்த்தால், இமை இரண்டும் தடித்து, மூக்குக்கு இரண்டு பக்கமும் செக்கச்செவேல். கண்ணாடிக்குப் பக்கத்தில்தானே உன் புதுநன்மைப் போட்டோ மாட்டியிருக்கிறது, சின்ன வயதில் கோயிலில் முதல் நன்மை வாங்கிய அன்று வெள்ளை முக்காட்டைக் காதுவரை இழுத்துவிட்டுக்கொண்டு தேவதை மாதிரி நிற்பாயே, அது. உன் முகத்தையும் என் முகத்தையும் மாறி மாறிப் பார்த்து அழுதுவிட்டேன். பெரியப்பா வந்து, "மர்சலின், மூஞ்சி பூரி கணக்கா உப்பிக்கினு கீதே! கண்ணாலத்துக்கு நீயும் முக்காடு போட்டுக்கோ" என்றார். ஆனால் ஆட்டோவைக் கூப்பிட்டு மந்தைவெளி தோல் டாக்டரிடம் கூட்டிக்கொண்டு ஓடியதும் அவர்தான்.

டாக்டர் அஃப்சருன்னிசா பொறுமைசாலி. நான் வரிசையாகச் சொல்லச் சொல்லத் தலையில் கை வைத்துக்கொண்டார்கள். "ஏம்மா, எலுமிச்சம்பழத்தால தோலை உரிச்சிட்டு, அதும் மேல கிரீமு, அதும் மேல எண்ணெ. உங்க மூஞ்சி என்ன தாளிக்கிற சட்டியா?" என்று கேட்டார்கள். பிறகு டப்பாவை வாங்கிப் படித்தார்கள். இதில் இருப்பது பெப்டைடாம். புரதத்தின் பொடித் துண்டு, அது செம்பைச் சுமந்துகொண்டு தோலுக்குள் போகுமாம். நீலம் செம்பால் வந்தது, மாதாவால் வந்ததல்ல என்றார்கள். செம்பைப் படைத்தது யாராம் என்று கேட்டேன். சிரித்து ஒப்புக்கொண்டார்கள்.

விஷமொன்றும் இல்லை, நிறையப் பேருக்கு ஒத்துக்கொள்ளும் என்றார்கள். ஆனால் புதுச் சரக்கு, வருஷக்கணக்கில் பூசினால் என்ன ஆகும் என்று பார்த்தவர்கள் குறைவு. சிலருக்குச் சிவக்கும், அரிக்கும், தடிக்கும். அதில் கலந்த வாசனையாலும் வரலாம், கெடாமல் இருக்கப் போடும் மருந்தாலும் வரலாம். யாராக இருந்தாலும் முதலில் முழங்கையின் உள்பக்கம் கொஞ்சம் பூசிச் சில நாள் பார்த்துவிட்டுத்தான் முகத்துக்குப் போகவேண்டுமாம். நர்ஸ் படிச்ச பிள்ளை, இதை எனக்குச் சொல்லியிருக்கக் கூடாதா? சரி, சொல்லியிருந்தாலும் நான் கேட்டிருக்க மாட்டேன்.

முகம் ஆறிய பிறகு என் கையில் கிரீமையும் எண்ணெயையும் தனித்தனி இடத்தில் வைத்துப் பார்த்தார்கள். எலுமிச்சை மேல்தான் பழி விழவேண்டும் என்று ஜெபமாலை சொன்னேன், நீ ஆசையாக அனுப்பியதாயிற்றே. கிரீம் வைத்த இடம்தான் சிவந்தது. பெரியப்பா, "மாதா தப்பிச்சாங்க, அமெரிக்கா மாட்டிக்கிச்சு" என்றார். செண்பகமோ, "ஒனக்கு ஒத்துக்கலைன்னா எனக்குக் குடேன்க்கா, பீரோல வச்சு இன்னாத்துக்குப் பூட்டிக்கினு கீற?" என்று வாங்கிப்போனாள். கையில் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் பூசுகிறாள். அவளுக்கு ஒன்றும் ஆகவில்லை, பளபள என்று திரிகிறாள். தோலுக்குத் தோல் வித்தியாசம், வேறென்ன.

என் முகம் இப்போது பழையபடி ஆகிவிட்டது, சுருக்கம் உள்பட. இந்தச் சுருக்கத்தில் பாதி நீ கொடுத்தது, ஞாபகம் இருக்கட்டும். நர்ஸ் டிரெயினிங்கில் நீ டியூட்டி முடிந்து வரும் பஸ்ஸுக்காக வாசலில் கண்ணை இடுக்கிக்கொண்டு நின்ற முகம் இது. ஷெல்டன் வீட்டார் படித்தவர்கள், அவர்கள் வீட்டுப் பெண்களுக்கெல்லாம் முகம் வழவழ என்று இருக்கிறது. அதற்காக நீ அனுப்பவில்லை, எனக்குத் தெரியும். தெரிந்தும் ஒரு வார்த்தை உன் வாயால் கேட்கவேண்டும் போல இருக்கிறது. பீடத்துக்கு முன்னால் இந்த முகத்தோடே உன் பக்கத்தில் நிற்கலாம்தானே?

வேளாவேளைக்குச் சாப்பிடு. குளிரில் தலைக்குக் குளித்துவிட்டு வெளியே போகாதே. மாதா தன் அங்கிக்குள் உன்னை வைத்துக் காப்பாளாக.

உன் முத்தத்துக்குக் காத்திருக்கும்,
பெரியம்மா மர்சலின்

இரு, இரு. பசை தடவப் போகும்போது மறுபடி உன் புதுநன்மைப் போட்டோவில் கண் போயிற்று. நீ அந்தக் கிரீமைத் தொடாதே சான்ட்ரா, கையில்கூட வைத்துப் பார்க்காதே, அங்கே தோல் டாக்டரிடம் காட்டிக் கேட்காமல் மூடியையே திறக்காதே. கடிதத்தை நம்பி இருக்கமாட்டேன், பெரியப்பாவை இழுத்துக்கொண்டு இப்போதே பூத்துக்குப் போய்ப் போன் செய்கிறேன். அன்றைக்கு உன் முக்காட்டைக் காதுவரை இழுத்துவிட்டது அழகுக்காக அல்ல. ஆசைப்பட்டாய் என்று போட்ட கவரிங் ஜிமிக்கியால் உன் காது இரண்டும் வீங்கிச் சீழ் வடிந்துகொண்டிருந்தது. அதைக் கழற்றி உரசிப் பார்த்த தட்டான், மேல்பூச்சுக்கு அடியில் முழுக்கச் செம்பு என்றான்.