அவர் நெஞ்சின் கோடு

ஜூன் 12, வியாழன்

இவருக்குக் கண்புரை ஆபரேஷன். அதற்கு முன்னால் ஈ.சி.ஜி. வேண்டுமாம். கீரமங்கலத்திலிருந்து பஸ் ஏறியதிலிருந்து நெஞ்சைத் தடவிக்கொண்டே வந்தார்.

டாக்டர் வனிதா சின்ன வயது. பழைய ஈ.சி.ஜி. இருக்கிறதா என்றார். இல்லாமலா? தாள் வெளுத்துப்போகும் என்று அப்போதே ஜெராக்ஸ் எடுத்து வைத்தவள் நான். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். எக்கோவும் எடுத்தார்.

"ரெண்டும் ஒண்ணுதாம்மா. நல்லா இருக்கிறவங்கள்லயே சில பேருக்குக் கோடு இப்படிக் கொஞ்சம் தூக்கித்தான் இருக்கும். நோய் இல்ல. இவருக்கு அப்பவும் ஒண்ணும் இல்ல, இப்பவும் ஒண்ணும் இல்ல."

அப்பவும் ஒண்ணும் இல்லையா?

ஜூன் 13

தூங்கவில்லை. கல்யாண பிரியாணி தின்றுவிட்டு நெஞ்செரிகிறது என்று போனவரிடம், ஹார்ட்டில் அடி விழுந்திருக்கிறது என்றார் யாரோ ஒரு டாக்டர். மகள் இனியா அப்போது ஐந்தாம் வகுப்பு. இன்று கல்லூரியே முடித்துவிட்டாள். அன்றிலிருந்து இவர் ஒரு குடம் தூக்கியதில்லை. இந்த வீட்டுக் குழம்பில் உப்பு ஏறியதில்லை. கஜா புயலில் தென்னையெல்லாம் சாய்ந்தபோது ஆட்களோடு நின்று மட்டை இழுத்தவள் நான். இவர் நாற்காலியில் உட்கார்ந்து அங்கிட்டுப் போடு, இங்கிட்டுப் போடு என்றார். கட்டுமாவடியில் தலைமையாசிரியையாகப் பதவி உயர்வு வந்தது. இவர் நெஞ்சைப் பிடித்தார். வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தேன்.

யார்மேல் கோபப்படுவது? இவரும் நம்பித்தானே இருந்தார் — நம்பினாரா?

ஜூன் 17

அதே கட்டுமாவடி மறுபடி வந்திருக்கிறது. ஓய்வு பெறும் வயதில் இதை விட்டால் இனி இல்லை. சொன்னேன். தலை தூக்காமல், "என் நெலமை ஒனக்குத் தெரியாதா?" என்றார்.

எந்த நிலைமை? டாக்டர் சொன்னதை யாரிடமும் மூச்சு விடவில்லை மனுஷன்.

ஜூன் 18

பக்கத்து வீட்டு சொர்ணவல்லியிடம் நானே சொல்லிவிட்டேன். நாளைக்குள் ஊருக்கே தெரியும். தெரியட்டும்.

ஜூன் 22, ஞாயிறு

ஆராதனையில் இவர் எழுந்து சாட்சி சொன்னார். "செத்துப்போக வேண்டியவனைக் கர்த்தர் தொட்டாரு. டாக்டரே ஆச்சரியப்பட்டுப் போனாங்க. எனக்குப் புது இருதயம் குடுத்திருக்காரு."

சபை முழுக்க அல்லேலூயா. போதகர் ஜெபக்குமார் கண்ணைத் துடைத்துக்கொண்டார். என் ஜெபம் வீண்போகவில்லை என்று சொர்ணவல்லி கையைப் பிடித்தாள். அவளிடம் நான் சொன்னது என்ன, அவள் பிடித்துக்கொண்டது என்ன!

இல்லாத நோய்க்கு உழைத்ததும் நான், அது போனதற்கு ஸ்தோத்திரம் சொல்ல வேண்டியவளும் நானாம். எழுந்து நின்றேன். மறுபடி உட்கார்ந்துவிட்டேன்.

ஜூன் 23

கட்டுமாவடிக்குச் சம்மதம் எழுதிக் கொடுத்தாயிற்று.

ஜூலை 6, ஞாயிறு — கட்டுமாவடி

தினமும் பஸ்ஸில் போய்வரக்கூடிய தூரம்தான். அறை எடுத்துவிட்டேன்.

காலையில் அவர் போன். "நெஞ்சு என்னமோ பண்ணுது. வாரியா?"

இந்த ஒரு வார்த்தைக்கு எத்தனை தடவை ஓடியிருப்பேன். இன்றும் கை தானாகப் பையைத் தேடியது. வெட்கமாக இருந்தது.

"புது இருதயம்ல. பழக நாளாகும்ங்க" என்றேன். போனை வைத்துவிட்டேன்.

மீன்குழம்பு கொதித்தது. உப்பை அள்ளிப் போட்டேன். நாக்குக்குப் பழக்கம் விட்டுப்போயிருக்கிறது, கரித்தது. வழித்துச் சாப்பிட்டேன்.