படிப்புக்கு வைத்த தரகர்

தம்பி,

நீ ஊரை விட்டுப் படிக்கப் போனது, எமர்ஜென்சி முடிந்து ஊரே வரிசையில் நின்று ஓட்டுப் போட்ட வருடம். நம் கிணற்றில் எண்ணெய் மோட்டாரைக் கழற்றிவிட்டுக் கரண்ட் மோட்டார் மாட்டியதும், கோமாரி நோய்க்குப் பயந்து வேலந்தாவளம் சந்தைக்குச் சில வாரம் மாடே இறங்காமல் கிடந்ததும் அதே வருடம்தான். எழுத்துத் தெரியாதவனுக்கு வருடங்கள் இப்படித்தான் நிற்கும். எண்ணாக நிற்காது.

இன்று காலை பென்ஷனுக்கு விரல் வைக்கக் கொழிஞ்சாம்பாறை கம்ப்யூட்டர் சென்டருக்குப் போயிருந்தேன். வேலுச்சாமி உயிரோடு இருக்கிறான் என்று வருடா வருடம் என் கட்டைவிரல் சாட்சி சொல்ல வேண்டும். எனக்கு முன்னால் ஒரு பெண்பிள்ளை எம்.பி.ஏ. படிப்புக்கு மனுப் போட்டுக்கொண்டிருந்தாள். அவள் போனில் கோயமுத்தூரிலிருந்து ஒருவர் பேசினார். இந்த மாதிரிப் படிப்புக்கு வழி சொல்வதே அவர் தொழிலாம். இங்கிலீஷில் அவர் எதையோ கேட்டார்.

“என்னம்மிணி கேக்கறாரு?” என்றேன், அங்கே டைப் அடிக்கும் செல்வியிடம்.

“உங்கிட்ட இருக்கற குறை என்னன்னு கேக்கறாருங்க அப்பாரு. இன்டர்வியூல கேப்பாங்களாமா. இப்பவே பழக்கறாரு.”

உன்னைக் கேட்ட அதே கேள்வி. விரலை மெஷினில் வைத்தேன், பதியவில்லை. கயிறு பிடித்துத் தேய்ந்த விரல். துடைத்துத் துடைத்து வைத்தாலும் பதியவில்லை. “நீங்க இருக்கீங்களா இல்லீங்களான்னு மெஷினுக்கே சந்தேகமா இருக்குதுங்க” என்று செல்வி சிரித்தாள். கடைசியில் எப்படியோ பதிந்தது. நான் எழுந்து போகவில்லை. நான் சொல்லச் சொல்ல ஒரு கடிதம் அடித்துத் தருவாயா என்று கேட்டேன். யாருக்கு என்றாள். தம்பிக்கு என்றேன். விலாசம் கேட்டாள். இல்லை என்றேன். அவள் புதுப் பக்கம் ஒன்றைத் திறந்தாள்.

நீ பி.காம். முடித்துவிட்டு வீட்டில் இருந்த மாதங்கள் நினைவிருக்கிறதா? நான் சந்தையில் மாட்டுத் தரகு. மிச்ச நாளில் நிலக்கடலையும் சோளமும். நீ ஒருநாள் சோற்றைப் பிசைந்துகொண்டே, “யாவாரத்தையே ஒரு படிப்பா சொல்லித்தர்றாங்கண்ணா. ரெண்டு வருசம். முடிச்சா பெரிய கம்பெனில வேலை” என்றாய்.

“யாவாரம் படிக்கறதுக்கு எதுக்குடா காலேஜு? எங்கூட சந்தைக்கு வா” என்றேன்.

நீ சிரித்தாய். ஆனால் அதற்குப் பிறகு பல நாள் உன் சோறு தட்டிலேயே மிஞ்சியது. உன் அண்ணிதான் அதைக் கவனித்தாள்.

பருத்தி மில் கணக்குப்பிள்ளைதான் கோயமுத்தூரில் ஒருவர் இருப்பதாகச் சொன்னார். பெரிய கம்பெனியில் இருந்து ஓய்வு பெற்றவர். மனு எழுதவும், இன்டர்வியூவுக்குத் தயார்செய்யவும் பையன்களுக்குச் சொல்லித்தருகிறார் என்று. நான் உடனே ஆகட்டும் என்றேன். உன் அண்ணி முறத்தைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

“மாட்டுக்குத் தரகு, பொண்ணுக்குத் தரகு, காட்டுக்குத் தரகு. இப்ப படிப்புக்குமாங்க மாமா?”

“தரகர் இல்லாம இந்த ஊர்ல எது கைமாறியிருக்குது?” என்றேன்.

விளையாட்டாகத்தான் சொன்னேன். கைமாறப்போவது நீ என்பது அப்போது எனக்கு உறைக்கவில்லை.

மாடிப்படி ஏறி அவர் அறைக்குப் போனோம். அந்த வெயிலிலும் கோட்டுப் போட்டிருந்தார். நமக்குள் அவருக்குக் கோட்டுக்காரர் என்றே பெயராகிவிட்டது. மரியாதையாக உட்காரச் சொன்னார். “பையனைப் பத்தி நீங்க சொல்லுங்க, கேக்கலாம்” என்றார் என்னிடம்.

நமது சந்தையில் ஒரு முறை உண்டு. வெளியாளிடம் மாட்டின் பெருமையைச் சொல்லலாம், சொல்லாமலும் இருக்கலாம். ஆனால் தரகரிடம் குறையை மறைக்கக் கூடாது. கெட்ட சுழி இருந்தால், உதைக்கிற பழக்கம் இருந்தால், கன்று போட்டதில் கோளாறு இருந்தால், எல்லாவற்றையும் அவரைத் தனியே அழைத்துச் சொல்லிவிட வேண்டும். இல்லாவிட்டால் நாலு பேர் முன்னால் அவர் தலை குனிவார். நானே தரகன், எனக்கா தெரியாது? அதனால் உன்னைப் பற்றி ஆரம்பித்தேன்.

இடிச் சத்தத்துக்குப் பயப்படுவான் என்றேன். கணக்கில் ஒருமுறை தவறி மறுபடி எழுதினான் என்றேன். கோபம் வந்தால் சோறு தின்ன மாட்டான், காலைவரை பேச மாட்டான், பெரிய பையனான பிறகும் பாயை நனைத்திருக்கிறான் என்றேன். நீ பக்கத்தில் உட்கார்ந்து என் தொடையைக் கிள்ளினாய். நான் நிறுத்தவில்லை. “எல்லாத்துக்கும் மேல, இவனுக்குத் தனியா இருக்கத் தெரியாதுங்க. அம்மா போனப்ப இவன் கைப்புள்ள. அன்னைல இருந்து எம்பக்கத்துலதான் தூங்கறான். எங் கை மேல படலைன்னா முழிச்சுக்குவான்” என்றேன்.

கோட்டுக்காரர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார்.

“ஏனுங்க, பையனைச் சேக்கறதுக்கு வந்தீங்களா, கழிச்சுக் கட்டறதுக்கு வந்தீங்களா?”

“தரகர்கிட்ட மறைக்கக் கூடாதுங்க.”

“நான் தரகனா!”

“பின்னெ?”

அந்த இடத்தில் உன்னால் அடக்க முடியவில்லை. வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாய். கோட்டுக்காரருக்கும் உதடு துடித்தது. அப்புறம் அவர் சொன்னதுதான் எனக்கு இன்றைக்கும் பிடிபடவில்லை. குறை என்ன என்று கேட்டால், “நான் அளவுக்கு மீறி உழைப்பேன், அதுதான் என் குறை” என்று சொல்ல வேண்டுமாம்.

வரும் வழியில் பஸ்ஸில் உன்னிடம் கேட்டேன்: “ஏண்டா, ஓயாம ஏர் இழுக்கற எருதை எவனாவது குறைன்னு சொல்லுவானா?”

“அது அவங்க சந்தைண்ணா” என்றாய். அப்புறம் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு, “பாய் நனைச்சதைச் சொல்லணுமா?” என்றாய். எட்டிமடை தாண்டியும் நீ என் பக்கம் திரும்பவில்லை.

பிறகு வாரா வாரம் நீ போனாய். வீட்டில் கட்டுத்தரையில் ஒத்திகை. இரவல் கோட்டு, வேட்டி. என்னைத் தொட்டிமேல் உட்காரவைத்து, நான்தான் பெரிய ஆபீசர் என்பாய். நான் தமிழில் கேட்பேன், நீ இங்கிலீஷில் சொல்வாய். எனக்கு ஒரு சொல்லும் புரியாது. எருமை தலையை ஆட்டும். “பார்றா, பாஸ் போட்டுருச்சு” என்பேன். உன் அண்ணி பால் செம்போடு நின்று சிரிப்பாள். அந்த வீடு அத்தனை சிரித்தது அந்தச் சில மாதங்களில்தான், தம்பி.

மெட்ராசுக்கு இன்டர்வியூவுக்கு நீ தனியாகப் போனாய். அண்ணன் கூட வந்தால் பையனுக்குத் தைரியம் இல்லை என்று நினைப்பார்கள் என்று கோட்டுக்காரர் சொல்லிவிட்டார். திரும்பி வந்த உன்னிடம், குறை கேட்டார்களா என்றேன். கேட்டார்கள் என்றாய். சொன்னாயா என்றேன். சொன்னேன் என்றாய். அளவுக்கு மீறி உழைப்பவன் என்று சொல்லியிருப்பாய் என நினைத்துக்கொண்டேன். இடம் கிடைத்ததும் ஒரு சீப்புச் செவ்வாழையும் கடலை மூட்டையும் கொண்டுபோய்க் கோட்டுக்காரர் காலடியில் வைத்தேன். “நான் சொல்லிக்குடுத்ததைச் சொன்னான், கெடைச்சுது” என்றார். கும்பிட்டுவிட்டு வந்தேன்.

நீ போன அன்று வேலந்தாவளம் முக்கில் பஸ் ஏற்றினேன். விற்ற மாட்டோடு கயிற்றைக் கொடுத்தனுப்ப மாட்டோம் அல்லவா, அதை மட்டும் வீட்டுக்குக் கொண்டு வருவோம். மாடு போனாலும் பட்டி காலியாகாது என்று நம்பிக்கை. அன்று பஸ் திரும்பியதும் குனிந்து என் கையைப் பார்த்தேன். ஒன்றும் இல்லை.

அப்புறம் உன் கடிதங்கள். எனக்கு வாசிக்கத் தெரியாது, உன் அண்ணிக்கும் தெரியாது. ரேஷன் கடைக்காரர் வாசிப்பார். அவர் குரல் பெரிசு. அரிசிக்கு நிற்பவர்கள் எல்லாரும் கேட்பார்கள். “அங்க வெயில் தாங்கலியாம்ப்பா” என்று ஒருவன், “சம்பளம் என்னன்னு எழுதலையா?” என்று ஒருவன். நான் பதில் சொல்ல, அவரே எழுதுவார். ஊர் கேட்கிற கடிதத்தில் எதைத்தான் சொல்ல முடியும்? சந்தையில் துண்டுக்கு அடியில் கைகோத்து விரலால் விலை பேசுவோம். பக்கத்தில் நிற்பவனுக்கு ஒன்றும் தெரியாது. முன்பின் அறியாத யாவாரிகளோடெல்லாம் அப்படிப் பேசியிருக்கிறேன். நமக்குள் மட்டும் அப்படி ஒரு துண்டு இல்லாமல் போயிற்று. ‘இங்கு அனைவரும் நலம்’ என்றே எழுதச் சொன்னேன். நீயும் அதையே எழுதினாய்.

படிப்பு, வேலை, பம்பாய், கல்யாணம், பிள்ளை. பொங்கலுக்கு வந்தாய், பிறகு ஒரு பொங்கல் விட்டு ஒரு பொங்கல் வந்தாய். நான் குறையாகச் சொல்லவில்லை. அனுப்பியது நான்.

உன் அண்ணி போன பிறகு காரியம் எல்லாம் முடிந்து ஒறம்பரைச் சனம் கலைந்தது. நீ மட்டும் இருந்தாய். கட்டுத்தரையில் மாடு இல்லை. இரண்டு பேரும் வெறும் தொட்டிமேல் உட்கார்ந்திருந்தோம். உனக்கும் தலை நரைத்திருந்தது. என்ன பேசுவது என்று தெரியாமல் நான்தான் கேட்டேன்: “அன்னைக்கு மெட்ராசுல அதிகமா உழைப்பேன்னுதானே சொன்னே?”

நீ தொட்டியில் கிடந்த வைக்கோலை எடுத்து ஒடித்தாய்.

“இல்லண்ணா. அதைச் சொல்லத்தான் வாயெடுத்தேன், வரல. எங்கண்ணன் ஒரு குறை சொல்லியிருக்காருங்க, எனக்குத் தனியா இருக்கத் தெரியாதுன்னு. ஆனா அது எங்குறையில்ல, அவரோடதுன்னு சொன்னேன். ராத்திரி கையைத் தேடறது நானில்ல, அவருதான்னேன்.”

நான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

“அப்படின்னா நீ இங்க வந்துட்டா அவரோட யாரு இருப்பாங்கன்னு ஒரு பெரியவர் கேட்டாருண்ணா. எனக்குப் பதில் வரல. கண்ணுல தண்ணி வந்துருச்சு. தண்ணி குடுத்து, போயிட்டு வாப்பான்னாங்க. கெடைக்காதுன்னுதான் நெனச்சேன்.”

“அப்பறம் ஏண்டா போனே?”

“நீதானே தரகர் வெச்சு அனுப்புனே” என்றாய். சிரித்துக்கொண்டுதான் சொன்னாய். அன்று ராத்திரி என் கட்டிலைக் கொஞ்சம் இழுத்து உன் கட்டிலோடு சேர்த்துப் போட்டாய். காலை பஸ்ஸுக்குப் போய்விட்டாய்.

போன மழைக்காலத்தில் உன் மகன் போன் செய்தான். “பெரியப்பா, அப்பா இல்லை” என்று வராத தமிழில் சொன்னான். அதற்குள் எல்லாம் முடித்துவிட்டிருந்தார்கள். இங்கிருந்து நான் எங்கே போய்ச் சேர்வது? தலைக்கு ஊற்றிக்கொண்டு வாசலில் உட்கார்ந்திருந்தேன். துக்கம் கேட்க வந்தவர்களில் பாதிப் பேருக்கு உன் முகமே தெரியாது. “தம்பி ஒருத்தரு இருந்தாருங்களா?” என்று ஒரு பையன் கேட்டான். ஆமாம் என்றேன்.

இங்கே நிறுத்தினேன். செல்வி டைப் அடிப்பதை விட்டு என் முகத்தைப் பார்க்கிறாள். அவரோடு யார் இருப்பார்கள் என்று அந்தப் பெரியவர் மெட்ராசில் கேட்ட கேள்வி, பதிலில்லாமலே இத்தனை வருடம் உன்னிடம் இருந்தது. நீ அதை எனக்குக் கொடுத்துவிட்டுப் போனாய். நடக்கும்போது, உண்ணும்போது, விளக்கை அணைத்தபின், நான் வைத்திருப்பது அது ஒன்றுதான். இன்று பதில் சொல்கிறேன், அவருக்கும் உனக்கும் சேர்த்து.

அம்மா நீ குழந்தையாக இருக்கும்போதே போனாள், அப்பன் அவளுக்கு முன்னாலேயே. கடிதம் வாசித்த ரேஷன் கடைக்காரர் இல்லை. கணக்குப்பிள்ளை இல்லை. கோட்டுக்காரர் நீ படிப்பை முடிக்கும் முன்பே போய்விட்டார். கேள்விப்பட்டு மாலை வாங்கிக்கொண்டு போனேன், உனக்கு எழுதச் சொல்ல மறந்துவிட்டேன். உன் அண்ணி இல்லை. நீ இல்லை.

வேலுச்சாமியோடு வேலுச்சாமிதான் இருக்கிறான்.