கடைசி விமானத்தில் உன்னைக் கேட்டார்கள்

கோபக்காரிக்கு,

உன் விமான நிறுவனத்தை நேற்றோடு இன்னொன்றில் சேர்த்துவிட்டார்கள். கடைசி விமானத்தில் நானும் வந்தேன். வாசலில் நின்று, யாரோ போல என்னையும் "வாங்க சார்" என்பாயே, அந்தக் குரலைத் தேடினேன்.

வாராவாரம் பறக்கிற கூட்டம் செல்ஃபி எடுத்து அழுதது. "இப்படி லெமன் டீ இனி எவன் குடுப்பான்?" என்றார் பக்கத்து சீட்டுக்காரர்.

"குடுத்தவங்கள்ல பாதிப் பேருக்கு வேலையே போச்சு, சார்" என்றேன். ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

எனக்கு மட்டும் என்ன யோக்கியதை? உன் வேலை போன அன்று, "அப்போ நமக்கு ஓசி டிக்கெட் கிடையாதா?" என்றுதானே கேட்டேன்.

டீ தந்த உன் தோழி, "அண்ணா, அவ எப்படி இருக்கா?" என்றாள்.

"நல்லா இருக்கா" என்றேன்.

நீ அக்கா வீட்டுக்குப் போய் நான்கு மாதமாயிற்று. எப்படி இருக்கிறாய் என்று தெரியாமல்தான் சொன்னேன்.

நல்லா இருக்கியா?

உன் வீட்டுக்காரன்