வரி முடிந்தால் டிங்

ஆன்ட்டி,

நேற்று அங்கிள் உங்கள் டைப்ரைட்டரைத் தூக்கிக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்தார். "இத்த நீயே வெச்சிக்கோ வாலு. அங்க இருந்தா நான் அதையே பாத்துகினு கீறேன்" என்றார். மேசையில் இறக்கும்போது மேல் உருளை ஒரு பக்கமாக ஓடி, 'டிங்' என்று மணி அடித்தது. உடனே என் இடது கையின் சுண்டு விரலும் மோதிர விரலும் மேசை விளிம்பை ஒரு அழுத்து அழுத்தின. அங்கிள் மிரண்டுபோய், "இன்னாடி, கை இஸ்துக்கிச்சா?" என்று கேட்டார். அவருக்கு எங்கிருந்து விளக்குவது? உங்களுக்கென்றால் விளக்கவே வேண்டாம்.

என்னைத் திட்டுவதற்கென்றே கர்த்தர் உங்களைப் பக்கத்து வீட்டில் வைத்திருக்கிறார் என்று நம்பியவள் நான். போன வருடம் பக்கத்து நாற்காலியிலும் வைத்தார். மண்ணூர்பேட்டை பஸ் ஸ்டாப்புக்கு எதிரே, தையல் கடை மாடியில், செருப்பை வெளியே விட்டுவிட்டு நுழைகிற அந்த கம்ப்யூட்டர் சென்டரில் ஒரு மெஷினுக்கு இரண்டு பேர். பத்தாம் வகுப்பு லீவில் என் தொல்லை தாங்காமல் அம்மா என்னை அங்கே தள்ளிவிட்டிருந்தாள். என் பக்கத்தில் உட்கார மற்ற பிள்ளைகள் தயாரில்லை. வயதான உங்கள் பக்கத்தில் உட்காரவும் அவர்களுக்குக் கூச்சம். டை கட்டிய சார் இரண்டு மிச்சத்தையும் ஒன்றாகச் சேர்த்துவிட்டார்.

உங்களுக்கு அது விளையாட்டில்லை. இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் நீங்கள் டைப்பிஸ்டாக இருந்த பம்பு கம்பெனியில் டைப்ரைட்டர்களை எடுத்துவிட்டு கம்ப்யூட்டர் வைக்கப் போவதாகச் சொல்லியிருந்தார்கள். கம்பெனி வைக்கிற பரீட்சையில் தேறினால் அதே நாற்காலி. தேறாவிட்டால் பேக்கிங் செக்‌ஷன், நாள் முழுக்க நின்றபடி. "என் முட்டிக்கு அது ஆவாதுடி" என்றீர்கள். சொல்லிவிட்டு முட்டியைத் தடவாமல் கீபோர்டைத் தடவினீர்கள். பயம் முட்டிக்கு மட்டும் இல்லை என்று எனக்கே புரிந்தது.

ஆனால் உங்கள் கை கம்ப்யூட்டருக்கு வந்த பிறகும் டைப்ரைட்டரிலேயே இருந்தது. ஒவ்வொரு எழுத்தையும் ஆணி அடிப்பதுபோல அடித்தீர்கள். சார் ஓடிவந்து, "மேடம், மெதுவா, அதுக்கு வலிக்கும்" என்றார். வரி முடிகிற நேரத்தில் இடது கை தானாக மேலே போய், டைப்ரைட்டர் உருளையை அடுத்த வரிக்குத் தள்ளுகிற, இங்கே இல்லாத லீவரைப் பிடித்துத் தள்ளும். லீவர் இருக்க வேண்டிய இடத்தில் என் கன்னம் இருந்தது. பத்தி ஒன்றுக்கு எனக்குக் குறைந்தது நான்கு அறை.

"இன்னாடி பண்றது? மணி அடிக்க மாட்டேங்குது. வரி எங்க முடியுதுன்னு எனக்கு எப்டித் தெரியும்?"

"அதுவே அடுத்த வரிக்குப் போய்க்கும் ஆன்ட்டி."

"என்னக் கேக்காமலா?"

சார் குறுக்குவழிகளைக் கரும்பலகையில் எழுதிப் போட்ட நாளில் இன்னும் கூத்து. கன்ட்ரோலும் சி-யும் சேர்த்து அழுத்தினால் காப்பி என்றார். நீங்கள் எழுந்து நின்று, "கார்பன் எங்க சார் வெக்கணும்?" என்று கேட்டீர்கள். கன்ட்ரோலும் இசட்டும் அழுத்தினால் கடைசியாகச் செய்த தப்பு இல்லாமலே போய்விடும் என்றார். நீங்கள் என் பக்கம் திரும்பி, "உனக்குன்னே கண்டுபுடிச்சிருக்கான்" என்றீர்கள். ஹோம் என்று ஒரு சாவி இருந்தது. "இத்த அமுக்கினா ஊட்டுக்குப் போயிடலாமா சார்?" என்று நான் கேட்டேன். அவர் வாய் திறப்பதற்குள் நீங்கள், "நீ அமுக்குமா, நான் கதவத் தொறந்து வெக்கிறேன்" என்றீர்கள். அன்றைக்குத்தான் தெரிந்தது, எனக்கு ஜோடி கிடைத்துவிட்டது என்று.

ஒரே ஒரு சிக்கல். கன்ட்ரோலை அழுத்துவீர்கள், விரலை எடுத்துவிடுவீர்கள், பிறகு எஸ்-ஐ அழுத்துவீர்கள். கடிதம் சேவ் ஆகாது. வரிக்கு வரி எஸ் எஸ் என்று விழுந்திருக்கும். "உங்க லெட்டர் பாம்பு மாதிரி சீறுது ஆன்ட்டி" என்றேன். தொடையில் ஒரு கிள்ளு. கிள்ளின கையைப் பிடித்து கீபோர்டில் வைத்தேன். "பெரிய எழுத்துக்கு ஷிப்ட்ட எப்டிப் புடிச்சிகினே அடிப்பீங்க? அதே மாதிரிதான். கன்ட்ரோலு ஷிப்ட்டோட தங்கச்சி. பாருங்க, அக்காவுக்குக் கீழதான் குந்திகினு கீறா." அதன் பிறகு நீங்கள் விரலை எடுக்கவே இல்லை.

மூடுகிற சாவியும் அப்படித்தான் கைவந்தது. ஆல்ட்டும் எஃப் ஃபோரும் அழுத்தினால் திறந்திருப்பது மூடிக்கொள்ளும். மறுநாளிலிருந்து உங்கள் வீட்டு இரும்புக் கேட்டுக்கும் அதே சட்டம். நான் உள்ளே நுழைந்தால் போதும், அடுப்படியிலிருந்து குரல் வரும். "வாலு, கேட்டுக்கு ஆல்ட் எஃப் ஃபோர் போட்டியா? ஆடு வந்து கறிவேப்பிலைய மேஞ்சிடும்." ஆடுகள் மேய்ந்ததில் பாதிக்கு நான்தான் காரணம் என்று தெரிந்தேதான் கேட்பீர்கள்.

என் கன்னத்தைக் காப்பாற்றிக்கொள்ளத்தான் அந்த யோசனை பிறந்தது. "வரி முடிஞ்சா நான் வாயால டிங் அடிக்கிறேன். கை லீவருக்குப் போவக்கூடாது. கீழயே இருந்து கன்ட்ரோல், எஸ். சும்மா கெடக்கற கைக்கு ஒரு வேல." கேலிக்குத்தான் சொன்னேன். நீங்கள் யோசித்தீர்கள். அப்புறம் "அடி" என்றீர்கள். அடித்தேன். டிங். உங்கள் இடது கையின் இரண்டு விரல் அழுத்தம், கூடவே மேசை விளிம்பில் என்னுடையதும். டிங். மறுபடி அழுத்தம். அந்த வாரம் முழுக்கச் சென்டரே எங்களைப் பார்த்தது. சார், "வரிக்கு வரி சேவ் பண்ண வேணாம் மேடம், கடைசியில ஒரு வாட்டி போதும்" என்றார். "கை கேக்க மாட்டேங்குது சார்" என்றீர்கள். எனக்குக் காய்ச்சல் வந்து படுத்திருந்தபோது ரசத்தோடு வந்தீர்கள். "சீக்கிரம் எழுந்திருடி, நீ இல்லாம என் லெட்டர் ஓட மாட்டேங்குது" என்று குறைப்பட்டுக்கொண்டீர்கள்.

பரீட்சை நடந்த சாயங்காலம் மதில் மேல் உட்கார்ந்து காத்திருந்தேன். நீங்கள் தெருமுனையில் திரும்பும்போதே சிரித்துக்கொண்டு வந்தீர்கள். கேட்டைத் திறக்காமல் அங்கேயே நின்று கதையைச் சொன்னீர்கள்.

"லெட்டரு நீட்டு லெட்டரு. பக்கத்துல நீ இல்ல. நானே டிங் டிங்னு முணுமுணுத்துகினே அடிச்சேன். மேனேஜர் வந்து, 'என்னம்மா, உடம்பு சரியில்லையா'ன்றார். கடைசி வரி அடிக்கும்போது பொட்டுனு கரண்ட் போச்சு."

"ஐயய்யோ."

"இரு. கரண்ட் வந்து மெஷினப் போட்டாக்கா மத்த டைப்பிஸ்டுங்களுக்கு ஒரு எழுத்துகூட இல்ல. ஒருத்தி அழுவறா. என்னோடத தொறந்தா அப்டியே கீது. கடைசி வரி மட்டும்தான் போச்சு. அத்தத் திரும்ப அடிச்சி முடிச்சிட்டேன்."

"மேனேஜர் என்ன சொன்னார்?"

"ஃபைல் பேரப் பாத்துட்டு, 'யாரும்மா இந்த வாலு'ன்னு கேட்டாரு. அது என் பக்கத்து ஊட்டுப் பிசாசுன்னேன்."

நாற்காலி உங்களிடமே இருந்தது. மற்றவர்களுக்கு மறுபரீட்சை வைத்தபோது அவர்களுக்கும் டிங் சொல்லிக்கொடுத்தீர்களாம். அதன் பிறகு உங்கள் ஆபீஸ் முழுக்க முணுமுணுப்பு என்று அங்கிள் நேற்றுச் சொன்னார். உங்களை அடக்கம் செய்த மறுநாளும் அப்படித்தான் இருந்ததாம்.

போன மாதம் நெஞ்சு வலி என்று உங்களை ஆட்டோவில் ஏற்றினார்கள். நான் உங்கள் கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றேன். கிளம்பும்போது நீங்கள் தலையை வெளியே நீட்டி என்னைப் பார்த்து ஏதோ சொன்னீர்கள். ஆட்டோ சத்தத்தில் ஒன்றும் காதில் விழவில்லை. சாயங்காலம் கேட்டுக்கொள்ளலாம் என்று கையை ஆட்டினேன். நீங்கள் திரும்பி வரவில்லை.

இத்தனை நாளாக அதையே நினைத்துக்கொண்டிருந்தேன். நாம் பேசிய எல்லாம் வரிக்கு வரி அப்படியே இருக்கிறது, கார்பன் கேட்டது, கன்னத்தில் விழுந்தது, எல்லாம். கடைசி வரி மட்டும் போய்விட்டது.

நேற்று மணி அடித்தபோதுதான் உறைத்தது, பரீட்சை அன்றைக்கு நீங்கள் என்ன செய்தீர்கள் என்று. போனதை நினைத்து அழவில்லை. திரும்ப அடித்து முடித்தீர்கள். அந்தக் கடைசி வரியை நானும் திரும்ப அடித்துவிட்டேன் ஆன்ட்டி. கேட்டைப் பிடித்துக்கொண்டு, திறந்தபடியே விட்டு நின்ற என்னிடம், ஆல்ட் எஃப் ஃபோரைத் தவிர நீங்கள் வேறு எதைச் சொல்லியிருப்பீர்கள்?

எழுந்து போய்ப் பார்த்தேன். உங்கள் கேட்டை அங்கிள் மறந்து திறந்தே விட்டிருந்தார். கறிவேப்பிலையில் ஒரு கிளையைக் காணோம், ஆடு மட்டும் இருந்தது. அதை விரட்டிவிட்டுக் கேட்டை இழுத்துச் சாத்தினேன்.

டிங்.