தொப்பிக்கும் முடிக்கும் நடுவே ஒரு 'ப்'

என்னங்க,

நலம்தானே? அத்தையின் மூட்டுவலி குறைந்ததா? எனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை; இந்த இத்தாலிய மொழிதான் உயிரை வாங்குகிறது.

நான் பார்த்துக்கொள்ளும் பெரியவருக்குத் தலை முழுவழுக்கை. நேற்று வெளியே கிளம்பும்போது தொப்பியைத் தேடினேன். தொப்பி என்றால் 'கப்பெல்லோ'. அவசரத்தில் 'ப்'பை விழுங்கி, "உங்க கபெல்லோ எங்கே?" என்று கேட்டுவிட்டேன். அப்படிச் சொன்னால் தலைமுடி என்று அர்த்தமாம்! அவர் முகம் சுண்டிப்போனது.

"முதல்ல ஒழுங்கா பேசக் கத்துக்கோ," என்றாள் அவர் மகள்.

அப்பளம், கப்பல் என்று சொல்லி வளர்ந்த வாய்க்கு இது வராதா? குளியலறைக் கண்ணாடி முன் நாற்பது தடவை சொன்னேன். எரிச்சலில் அழுகைதான் வந்தது. பயப்படாதீர்கள், வேலை போகாது.

பாப்பா பேசுவதைப் பதிவுசெய்து அனுப்புங்கள். அவளுக்கு 'ர' வராவிட்டால் யாரும் சிரிக்காதீர்கள்.

பெரியவர் கூப்பிடுகிறார், ஓடுகிறேன்.

உங்கள் மனைவி